சீஸ் உருகறதுக்குள்ள பிரெட் கருகுதே!

போன இதழ்ல ஏர் ஃப்ரையர் சம்பந்தமா எது வேணா கேளுங்கன்னு போட்டிருந்தோம். கடுதாசியும் மெயிலும் வாட்ஸப்புமா வந்து குவிஞ்சதுல பெரும்பாலானவங்க கேட்டது ஒரே ஐட்டம்தான், கிரில்டு சீஸ் சாண்ட்விச். ரெண்டு பிரெட்டு, நடுவுல சீஸ், இதுல என்ன பெரிய வித்தைன்னு தோணும், ஆனா கேள்விங்களைப் படிச்சா ஆளாளுக்கு ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. சரி, இந்த வாரம் இது மட்டும்தான், மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: மேடம், 200 டிகிரி வச்சு அஞ்சு நிமிஷம் விட்டேன். மேல பிரெட் கரிக்கட்டை, உள்ள சீஸ் ஸ்லைஸ் போட்டது போட்டபடியே விறைப்பா இருக்கு. மெஷின்ல ஏதாவது ஃபால்ட்டா?

பதில்: மெஷின் மேல பழி போடாதீங்க, சூடு ஜாஸ்தி, அவ்ளோதான். சீஸ் இளகறதுக்குச் சுமார் 60, 65 டிகிரி செல்சியஸ் போதும். பிரெட் நல்லா செவக்கணும்னா அதோட மேல்தோல் 140 டிகிரியைத் தாண்டணும். இதைக் கேட்டா சீஸ்தான் முதல்ல ரெடியாகும்னு தோணும், இல்லையா? ஆனா அந்த 60 டிகிரி சீஸுக்குப் போய்ச் சேரணும்னா பிரெட்டைத் தாண்டித்தான் போகணும், பிரெட்டு முழுக்க சின்னச் சின்னக் காத்து ஓட்டை, சூட்டை லேசுல உள்ள விடாது. வெளிய காத்து 200ல அடிச்சுக்கிட்டே இருக்கு, மேல்தோல்ல இருக்கற ஈரம் போன உடனே சூடு சரசரன்னு ஏறி செவந்து கருகிடுது, உள்ள இருக்கற சீஸுக்கு அப்பதான் லேசா வெதுவெதுப்பே தட்டியிருக்கும். அதுவும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த கையோட போட்டிருந்தா கேக்கவே வேணாம்.

அதனால ரெண்டு கட்டமா பண்ணுங்க. முதல்ல 160 டிகிரில நாலு நிமிஷம், இது சீஸுக்கு. அப்புறம் திருப்பிப் போட்டு 190க்கு ஏத்தி ரெண்டு மூணு நிமிஷம், இது கலருக்கு. எப்ப ஏத்தறதுன்னு டைமரைப் பாக்காதீங்க, சாண்ட்விச்சோட ஓரத்தைப் பாருங்க. ஸ்லைஸோட கூர் மூலை மழுங்கி, பளபளன்னு எண்ணெய் மினுக்கி, பிரெட் விளிம்புக்கு மேல லேசா தொங்க ஆரம்பிக்கும், அந்த நேரம்தான். இன்னும் மூலை கூரா நிக்குதுன்னா இன்னொரு நிமிஷம் 160லயே விடுங்க. சீஸைக் கட்டியா வெட்டி வைக்காம துருவிப் போட்டீங்கன்னா இந்த வேலை பாதி ஆகும், துருவல்ல சூடு சீக்கிரம் ஏறிடும்.

உங்க மெஷின் சின்னதா இருந்தா இன்னொரு பத்து டிகிரி குறைச்சே வைங்க, சின்ன மெஷின்ல மேல சூடு குடுக்கற காயிலுக்கும் பிரெட்டுக்கும் இடைவெளி கம்மி.

கேள்வி: ஏர் ஃப்ரையர்ங்கறது கடைசில ஒரு குட்டி ஓவன்தானே, ஏன் இவ்ளோ பில்டப்?

பதில்: குட்டி ஓவன்தான், மறுக்கல. 2010ல பெர்லின்ல நடந்த ஐஎஃப்ஏ கண்காட்சியில பிலிப்ஸ் கம்பெனி ஏர் ஃப்ரையர்னு பேர் வச்சுக் கொண்டு வந்தாங்க, பேர்ல ஃப்ரை இருக்கே தவிர அதுல பொரிக்கற வேலை எதுவும் நடக்கறதில்ல. மேல ஒரு ஹீட்டிங் காயில், அதுக்கு மேல ஒரு ஃபேன், இடம் கம்மியா இருக்கறதால காத்து வேகமா சுத்துது. இந்தக் காத்துங்கற ஒரே விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா இந்தப் பக்கத்துல இருக்கற முக்கால்வாசி கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடலாம். கல்லுல போடும்போது சூடு தொட்டு ஏறுது, இங்க காத்து தடவித் தடவி ஏத்துது, கூடவே காயவும் வைக்குது. கல்லுக்கு எழுதுன குறிப்பை அப்படியே எடுத்து இதுல போட்டா சொதப்பறது அதனாலதான்.

கேள்வி: அக்கா, பாதியில தொறந்து பாத்தா மேல் பிரெட் தனியா ஒரு மூலைல கெடக்கு, சீஸ் தனியா காஞ்சு போயிருக்கு. ஒரு தடவை பிரெட் மேல காயில்ல ஒட்டிக்கிட்டு தீஞ்ச வாசனையே வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் சிரிக்கறார்.

பதில்: அவரைச் சிரிக்க வேணாம்னு சொல்லுங்க, இது எல்லா வீட்லயும் நடக்கறதுதான்! ஒரு ஸ்லைஸ் பிரெட் என்ன, 25, 30 கிராம் இருக்குமா, அந்தக் காத்துக்கு அது ஒரு வெயிட்டே கிடையாது. சீஸ் உருகி கோந்து மாதிரி புடிச்சுக்கற வரைக்கும்தான் ஆபத்து, அதாவது முதல் ரெண்டு மூணு நிமிஷம். அதுவரைக்கும் எதையாவது வச்சுப் புடிச்சு வைக்கணும்.

மரத்துல செஞ்ச டூத்பிக் ரெண்டு எடுத்து எதிரெதிர் மூலைல சாய்வா குத்துங்க, நேரா நிக்கக் குத்தினா நுனி மேல நீட்டிக்கிட்டு காயில் பக்கத்துல போயிடும். சாய்வா குத்தி அடி பிரெட் வரைக்கும் இறக்கிடுங்க. பிளாஸ்டிக் குச்சி, கலர் பேப்பர் சுத்துன அலங்காரக் குச்சி வேணவே வேணாம். இல்ல, மெஷினோட ஒரு கம்பி ஸ்டாண்டு குடுத்திருப்பாங்களே, அதைக் கவுத்து சாண்ட்விச் மேல வைக்கலாம், அந்தக் கம்பி பிரெட்டை அழுத்திப் புடிச்சுக்கும். வைக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கையால சாண்ட்விச்சை ஒரு அமுக்கு அமுக்கிடுங்க, நசுக்க வேணாம், சீஸும் பிரெட்டும் ஒட்டற அளவுக்கு. திருப்பிப் போடற நேரத்துக்குச் சீஸே ஒட்டியிருக்கும், குச்சியை அப்பவே உருவிடுங்க, குழந்தைங்க சாப்பிடற வீடுன்னா எத்தனை குத்தினோம் எத்தனை உருவினோம்னு கணக்கு வச்சுக்கோங்க.

பேக்கிங் பேப்பர் போடறவங்களுக்கும் இதே கதை. காலி பாஸ்கெட்ல வெறும் பேப்பரை மட்டும் போட்டு ப்ரீஹீட், அதாவது முன்கூட்டியே சூடு, பண்ணக் கூடாது, பறந்து காயில்ல ஒட்டினா நெருப்பு புடிக்கும். பேப்பர் போடறதா இருந்தா அது மேல சாப்பாடு உக்காந்திருக்கணும், பாஸ்கெட் முழுக்க மூடற சைஸும் கூடாது. என்னைக் கேட்டா சாண்ட்விச்சுக்கு பேப்பரே வேணாம், அடில வர்ற காத்தை அது மறிச்சு அடிப்பக்கம் மெத்துனு ஆக்கிடும், அலுமினிய ஃபாயிலும் அப்படித்தான்.

கேள்வி: வெளிப்பக்கம் வெண்ணெய் தடவறதா, மயோனைஸா, நெய்யா? வீடியோக்கு வீடியோ மாத்தி மாத்திச் சொல்றாங்க, மண்டை காயுது.

பதில்: மூணும் வேலை செய்யும், மூணும் வேற வேற மாதிரி.

வெண்ணெய்ல சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில பெரும்பகுதி தண்ணி, கொஞ்சூண்டு பால் திடப்பொருள். அந்தக் கொஞ்சூண்டுதான் வாசனைக்கும் செவப்புக்கும் பாதி காரணம். பால்ல இருக்கற புரதமும் சர்க்கரையும் சூட்ல சேந்து செவக்கற இந்த வினையை லூயி கமீல் மய்யார்ங்கற பிரெஞ்சு கெமிஸ்ட் 1912ல எழுதி வச்சாரு, பிரெட் தோல் செவக்கறதும் இதே வினைதான். ருசின்னு பாத்தா வெண்ணெயை மிஞ்ச ஒண்ணும் கிடையாது, இது என் தீர்ப்பு. ஒரே தொந்தரவு, அது ஃப்ரிட்ஜ்லேர்ந்து வந்தா கல்லு மாதிரி இருக்கும், தடவறேன்னு அழுத்தினா பிரெட் பிஞ்சு ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியா சீஸ் ஒழுகும். அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வச்சுடுங்க.

மயோனைஸ் குளிர்ச்சியா இருந்தாலும் வழுவழுன்னு மூலை முடுக்கெல்லாம் போகும். எண்ணெயும் முட்டை மஞ்சக்கருவும் கலந்தது, முட்டைப் புரதம் இருக்கறதால கலர் எல்லா இடத்துலயும் ஒரே சீரா வரும். புளிப்பு தெரியுமோன்னு பயப்படாதீங்க, மெல்லிசா தடவினா வெந்ததும் அது அவ்வளவா நாக்குல நிக்காது. முட்டை சேக்காத வகையும் மொறுமொறுப்பு குடுக்கும், கலர் மட்டும் பிராண்டுக்கு பிராண்டு மாறும்.

நெய்ல தண்ணி கிடையாது, அதனால மொறுமொறுப்பு பிரமாதம். ஆனா பால் திடப்பொருளை வடிகட்டி எடுத்துட்டதால செவப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும், வெளுத்த மாதிரி இருக்கேன்னு சூட்டை ஏத்தி விட்டா காஞ்சு போகும்.

எதுவா இருந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு டீஸ்பூன், விளிம்பு வரைக்கும். நடுவுல மட்டும் அப்பி விட்டுட்டு ஓரத்தை மறந்தா ஓரம் மட்டும் ரஸ்க் ஆயிடும்.

கேள்வி: எண்ணெய், வெண்ணெய் எதுவுமே இல்லாம பண்ணலாமா?

பதில்: பண்ணலாம், சீஸ் வச்ச டோஸ்ட் கிடைக்கும். கிரில்டு சீஸ் கிடைக்காது.

கேள்வி: எந்த சீஸ் வாங்கறது? விலை ஜாஸ்தியான, நல்லா பழுத்த செடார் வாங்கி வச்சேன், எண்ணெய் எண்ணெயா பிரிஞ்சு பிரெட்ல ஊறிப் போச்சு. பக்கத்து வீட்ல சாதா ஸ்லைஸ் போட்டு அழகா இழுபடற மாதிரி பண்றாங்க.

பதில்: இந்த விஷயத்துல சாதா ஸ்லைஸ் ஜெயிக்கும்ங்க, கௌரவம் பாக்காதீங்க. சீஸ்ங்கறது பால் புரதத்தால பின்னுன ஒரு வலை, அந்த வலைக்குள்ள கொழுப்பும் தண்ணியும் மாட்டியிருக்கு. இளசா இருக்கற சீஸ்ல வலை நீளமா, ஈரமா, நல்லா வளைஞ்சு குடுக்கும், அதனால உருகினா இழுபடும். பழுக்கப் பழுக்க அந்தப் புரதம் துண்டு துண்டா உடையும், ஈரமும் போயிருக்கும், ருசி ஏறும், ஆனா சூடு பட்டதும் கொழுப்பைப் புடிச்சு வைக்கத் தெம்பு இருக்காது, எண்ணெய் தனியா ஓடிடும். அந்த சாதா ஸ்லைஸ், அதாவது ப்ராசஸ்டு ஸ்லைஸ்ல சோடியம் சிட்ரேட் மாதிரி உப்பு சேத்திருப்பாங்க, அது கொழுப்பையும் தண்ணியையும் பிரிய விடாம கட்டி வைக்கும். அமெரிக்காவுல ஜேம்ஸ் க்ராஃப்ட் ப்ராசஸ்டு சீஸுக்கு பேட்டன்ட் வாங்குனது 1916ல, நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு, இந்த ஒரு வேலைக்கு இன்னும் அதை அடிச்சுக்க ஆள் இல்ல.

ஆனா ருசின்னு வரும்போது தனி ஸ்லைஸ் கொஞ்சம் மொக்கையாத்தான் இருக்கும். அதனால கலப்படம் பண்ணுங்க. ஒரு ஸ்லைஸ் ப்ராசஸ்டு, அது மேல உங்க பழுத்த செடாரைத் துருவி ஒரு கைப்பிடி. செடார் ருசியும் கிடைக்கும், ஸ்லைஸ்ல இருக்கற உப்பு எண்ணெய் பிரியறதையும் ஓரளவு அடக்கும். இழுபடணும்னு ஆசைன்னா செடாருக்குப் பதில் மொசரெல்லா, ஆனா தண்ணில மிதக்கற ஃப்ரெஷ் மொசரெல்லா வேணாம், பிரெட் நனைஞ்சு போகும், ஈரம் கம்மியான பீட்சா வகைதான் சரி. கௌடாவும் அருமையா உருகும்.

பாக்கெட்ல துருவியே விக்கறாங்களே, அது ஒட்டிக்கக் கூடாதுன்னு மாவோ செல்லுலோஸோ தூவியிருப்பாங்க. உருகும், ஆனா கட்டியா வாங்கித் துருவறது அளவுக்கு வழவழப்பா வராது. கையில நேரம் இருந்தா துருவிடுங்க.

கேள்வி: பனீர் வச்சேன், கடைசி வரைக்கும் உருகவே இல்ல.

பதில்: உருகாதுங்க, எவ்ளோ நேரம் வச்சாலும் உருகாது. புளிப்பு ஊத்தித் திரிச்ச சீஸ்ல புரதம் சூடு பட்டா இன்னும் இறுகித்தான் போகும்.

கேள்வி: ப்ரீஹீட் கண்டிப்பா பண்ணணுமா? திருப்பிப் போடறதும் கட்டாயமா?

பதில்: ப்ரீஹீட் கட்டாயம் இல்ல, நான் முன்னாடி சொன்ன 160 கட்டமே அந்த வேலையைப் பாத்துடும். ஒண்ணு முடிச்சு ரெண்டாவது போடும்போது மெஷின் ஏற்கனவே சூடா இருக்கும், அப்ப ஒரு நிமிஷம் குறைச்சுக்கோங்க. திருப்பறது கட்டாயம். காயில் மேல இருக்கு, அடிப்பக்கத்துக்கு ஓட்டை வழியா வர்ற காத்து மட்டும்தான்.

கேள்வி: தக்காளி, வெங்காயம்லாம் வச்சா உள்ள சொதசொதன்னு ஆயிடுது.

பதில்: தக்காளியோட விதையும் சாறும்தான் வில்லன். விதையை வழிச்சு எடுத்துட்டு, மெல்லிசா நறுக்கி, துளி உப்பு போட்டு அஞ்சு நிமிஷம் வச்சா தண்ணி விட்டுடும், டிஷ்யூல ஒத்தி எடுங்க. அப்புறம் வைக்கற இடம் முக்கியம், கீழயும் சீஸ், மேலயும் சீஸ், நடுவுல தக்காளி, பிரெட்டைத் தொடவே கூடாது. வெங்காயத்தைத் தனியா வதக்கிட்டு வைங்க, ஆறு நிமிஷத்துல பச்சை வாடை போகாது.

கேள்வி: போன மாசத்துலேர்ந்து சாண்ட்விச் வச்சா புகை வருது. பயமா இருக்கு, என்ன பண்ண?

பதில்: வெள்ளைப் புகைன்னா பெரும்பாலும் கொழுப்பு கருகற புகை. வெண்ணெய் ஒழுகி அடித்தட்டுல விழுந்து தீயும், இல்லன்னா முன்னாடி வேற எதையோ வறுத்தப்ப தெறிச்ச எண்ணெய் மேல காயில் பக்கம் படிஞ்சிருக்கும். நிறைய பேர் பாஸ்கெட்டை மட்டும் கழுவிட்டு மேல எட்டியே பாக்கறதில்ல. ப்ளக்கைப் புடுங்கிட்டு, மெஷின் நல்லா ஆறினதும் டார்ச் அடிச்சு காயிலைப் பாருங்க, பிரெட் துகள் கருகி ஒட்டியிருந்தா மெத்துனு ஒரு பிரஷ்ஷால தட்டி விட்டு, நனைச்சுப் புழிஞ்ச துணியால தொடைங்க, தண்ணியைத் தெளிக்காதீங்க. கருப்புப் புகை வந்தா இந்த ஆராய்ச்சியெல்லாம் வேணாம், உடனே ஆஃப் பண்ணி ப்ளக்கைப் புடுங்குங்க, புகை நின்ன அப்புறம்தான் பாஸ்கெட்டை வெளிய இழுக்கணும்.

கேள்வி: ஏர் ஃப்ரையர்ல பண்ணா கொழுப்பே கிடையாது, எத்தனை வேணா சாப்பிடலாம்னு எங்க அண்ணன் சொல்றான். நிஜமா?

பதில்: அண்ணன்கிட்ட சொல்லுங்க, மெஷினுக்கு சீஸ்ல இருக்கற கொழுப்பை எடுக்கற சக்தியெல்லாம் கிடையாதுன்னு. ரெண்டு ஸ்லைஸ் பிரெட் 150, 160 கலோரி வரும். செடார் 100 கிராமுக்கு 400 கலோரி, 40 கிராம் வச்சா 160. வெண்ணெய் ரெண்டு டீஸ்பூன் ஒரு 70. ஆக மொத்தம் 400கிட்ட வந்துடுச்சு. கல்லுல பண்ணும்போது சிலர் வெண்ணெயைத் தாராளமா விடுவாங்க, அந்த எக்ஸ்ட்ரா ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் வேணா இங்க மிச்சமாகும். உருளைக்கிழங்கை எண்ணெய்ல முக்கிப் பொரிக்கறதுக்குப் பதிலா இதுல வைக்கும்போது கிடைக்கற லாபத்தை சாண்ட்விச்சுக்கும் சேத்து நினைச்சுக்கறாங்க, அதான் குழப்பம்.

இன்னொண்ணு சொல்றேன், மாவுப் பொருளை 120 டிகிரிக்கு மேல சூடு பண்ணும்போது அக்ரிலமைடுனு உடம்புக்கு நல்லதில்லாத ஒண்ணு உருவாகும், 2002ல ஸ்வீடன்ல இதைக் கண்டுபுடிச்சுச் சொன்னாங்க. செவக்கச் செவக்க அது கூடும். பொன்னிறத்துல நிறுத்திக்கோங்க, அண்ணனுக்குக் கருகினதுதான் புடிக்கும்னாலும்.

கேள்வி: நாலு பேருக்கு ஒரே நேரத்துல பண்ண முடியுமா? உண்மையைச் சொல்லுங்க, கல்லுல பண்றதை விட இது மேலா?

பதில்: உண்மையைத்தான் சொல்றேன். ஒரே ஒரு சாண்ட்விச், நிதானமா நின்னு பண்ண நேரம் இருக்குன்னா கல்லுதான். சின்னத் தீ, மூடி போட்டு, கரண்டியால லேசா அமுக்கி விட்டு எடுத்தா பிரெட்டோட முழுப் பரப்பும் கல்லைத் தொட்டு சீரா செவக்கும், அந்த வெண்ணெய் வாசனை இதுல வராது. ஏர் ஃப்ரையர்ல மேல்தோல் கொஞ்சம் காஞ்ச மொறுமொறுப்பு, சிலருக்கு அதுதான் புடிக்குது.

ஆனா காலைல ஒரு பக்கம் வேற சமையல், ஒரு பக்கம் பிள்ளைங்க கத்தல்னு இருக்கும்போது உள்ள வச்சுட்டு நகர்ந்துடலாம், நடுவுல ஒரு தடவை திருப்பினா போதும். நாலு வைக்கறது உங்க பாஸ்கெட் சைஸைப் பொறுத்தது. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, நெருக்கியும் வைக்காதீங்க, நடுவுல ஒரு விரல் நுழையற அளவு சந்து வேணும், இல்லன்னா ஓரம் வெள்ளையாவே நிக்கும். ரெண்டு ரெண்டா பண்ணி, முதல் ரெண்டைக் கம்பி ஸ்டாண்டு மேல வச்சுட்டு, கடைசில நாலையும் 160ல ஒரு நிமிஷம் காட்டி எடுத்தா எல்லாருக்கும் சூடா கிடைக்கும், அந்த ஒரு நிமிஷத்துக்கு லேசா நெருங்கி இருந்தாலும் பரவால்ல. தட்டுல நேரா வைக்காதீங்க, அடில ஆவி மாட்டிக்கிட்டு இவ்ளோ நேரம் பட்ட பாட்டையெல்லாம் ஈரமாக்கிடும். எடுத்த உடனே வெட்டவும் வேணாம், ஒரு நிமிஷம் பொறுத்து வெட்டினா சீஸ் பொலபொலன்னு வெளிய கொட்டாது, நாக்கும் வேகாது.

கேள்வி: மிஞ்சிப் போனதை மைக்ரோவேவ்ல சூடு பண்ணா ரப்பர் மாதிரி இழுக்குதே?

பதில்: மைக்ரோவேவ் பிரெட்டுக்கு ஆகாது. 160ல மூணு நாலு நிமிஷம் ஏர் ஃப்ரையர்லயே வைங்க, புதுசு மாதிரி வராது, ஆனா திரும்ப மொறுமொறுன்னு ஆகும். புதுசா வெண்ணெய் தடவ வேணாம்.

கேள்வி: ஒழுகின சீஸ் பாஸ்கெட்ல பாறையா ஒட்டிக்குது. கத்தியால சொரண்டினேன், கோட்டிங் கீறல் விழுந்துடுச்சு. இனிமே என்ன பண்றது?

பதில்: கத்தி, ஸ்டீல் நார் ரெண்டையும் அது பக்கமே கொண்டு போகாதீங்க. சீஸ் சூடா இருக்கும்போது நோண்டினா இழுபட்டு இன்னும் பரவும், முழுசா ஆற விடுங்க, ஆறினதும் அது இறுகி ஓரம் தூக்கிக்கும், மரக் கரண்டியோ சிலிக்கான் கரண்டியோ விட்டு நெம்பினா தகடா உரிஞ்சு வந்துடும். மீதி இருக்கறதுக்கு வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற சோப்பு கலந்து அரை மணி நேரம் ஊற வச்சு ஸ்பாஞ்சால தேச்சா போதும், ஓட்டைக்குள்ள மாட்டுனதுக்குப் பழைய டூத்பிரஷ்.

ஸ்ப்ரே டின்ல வர்ற சமையல் எண்ணெயை பாஸ்கெட்ல அடிக்கற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க, அதுல இருக்கற லெசிதின் சூட்ல பிசினா படிஞ்சு நாளடைவுல எதையும் ஒட்ட வைக்கும். ஒழுகறதையே குறைக்கணும்னா சீஸை பிரெட் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளியே வைங்க. கீறல் சின்னதா இருந்தா ஓட்டுங்க, கோட்டிங் செதில் செதிலா உரியுதுன்னா பாஸ்கெட்டை மட்டும் மாத்த முடியுமான்னு உங்க மாடல் நம்பரைச் சொல்லி கம்பெனியில கேளுங்க, நிறைய மாடலுக்குத் தனியா கிடைக்குது.